கடல் தின்னும் கரை, கடல் கட்டும் கரை

இங்கிலாந்து வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். லண்டனுக்கு வடகிழக்கே, தொப்பை தள்ளியதுபோல் நிலம் கடலுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தொப்பையின் மேல்விளிம்புதான் வடக்கு நார்ஃபோக் மாவட்டம். மேற்கே ஹோல்க்கம் முதல் கிழக்கே ஹார்சி வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள். பெரிய நகரம் ஒன்றுகூடக் கிடையாது. தலைமையிடமான குரோமரே நம் கணக்குக்கு ஒரு பேரூராட்சிதான்.

நான் தூத்துக்குடியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் மகள் நாரிச் நகரத்தில் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு நாளாவது ரயிலேறி இந்தக் கரைக்கு வந்துவிடுவேன். நாரிச்சிலிருந்து குரோமருக்கு முக்கால் மணி நேரம்தான். கடல் ஓங்கல், மணல் நீட்சி, உவர் சதுப்பு, பனியாறு விட்டுப்போன மொரைன் மேடு என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை எல்லாம் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து காட்டியிருக்கிறேன். அத்தனையும் இங்கே ஒரே மாவட்டத்தில், ஒரே பேருந்துப் பாதையில் வரிசையாகக் கிடக்கின்றன. பூகோள வாத்தியார் எவருக்கும் இதைவிட நல்ல சுற்றுலா அமையாது.

இந்தக் கரையின் கிழக்குப் பாதியைக் கடல் தின்கிறது. மேற்குப் பாதியைக் கடலே கட்டுகிறது. தின்னும் இடத்தில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டே வைத்திருக்கிறது. ஒளிவுமறைவு இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இருப்பவர்களின் கதி என்ன என்பதுதான் இந்த மாவட்டத்தின் தீராத வழக்கு.

பனி கொட்டிய மண்

முதலில் மண்ணைப் பார்ப்போம். குரோமரில் கடலோரம் நின்று நேர் வடக்கே பார்த்தால், வட துருவம் வரைக்கும் இடையில் நிலமே கிடையாது. கோடையின் நடுவில் சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழும். கிழக்கு இங்கிலாந்தில் நின்றுகொண்டு கடலில் அஸ்தமனம் பார்ப்பது விந்தைதான். கரை வடக்கு நோக்கி இருப்பதால் அது நடக்கிறது.

சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து பனிப்படலம் இறங்கி வந்து இந்த இடத்தில் தங்கியது. தான் வாரிக்கொண்டு வந்த களிமண்ணையும் மணலையும் சரளையையும் இங்கேயே கொட்டிவிட்டுப் போயிற்று. அப்படி உருவானதுதான் குரோமர் மேட்டுத்தொடர். உச்சி 100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தட்டையான நார்ஃபோக்கில் அதற்கே மலை மரியாதை.

கரையோர ஓங்கல்கள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். உள்ளே பாறை கிடையாது, வெறும் மண்தான். மழைநீர் மணலுக்குள் இறங்கி, களிமண் அடுக்கில் தேங்கி, மேலே உள்ள மண்ணை வழுக்கிவிடுகிறது. சரிந்து விழுந்ததை அலை வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அடி வெறுமையானதும் மறுபடி சரிவு. ஆக, இந்தக் கரையை அரிப்பதில் கடலுக்குப் பாதிப் பங்கு என்றால் மழைக்கு மீதிப் பங்கு. கடல் சுவர் ஒன்றைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அரிப்பதால் ஒரு லாபமும் உண்டு. உள்ளே புதைந்திருப்பது வெளியே வரும். 1990 டிசம்பரில், ஒரு புயலுக்கு மறுநாள், வெஸ்ட் ரண்டன் கடற்கரையில் நடந்துபோனவர்கள் கண்ணில் ஓங்கலின் அடியில் பெரிய எலும்பு ஒன்று பட்டது. 1995இல் முழுதாகத் தோண்டி எடுத்தபோது அது ஒரு மாமத யானை. தோள் உயரம் சுமார் 4 மீட்டர், எடை 10 டன் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். வயது ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல். எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் கிடைத்தது. எலும்புகளில் கழுதைப்புலி கடித்த பல் தடங்கள்கூட இருந்தன.

தொலைத்த மண் போகும் இடம்

கிழக்கே அரித்த மண் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் "கடலுக்குள்ள, டீச்சர்" என்பார்கள். ஒரு பகுதி அப்படித்தான். ஆனால் அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதுவதால், மணலும் கூழாங்கல்லும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். ஷெரிங்ஹம் ஊரை ஒட்டி இந்த ஓட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தென்கிழக்கே போகிறது. இன்னொன்று மேற்கே போய் பிளேக்னி முனையை வளர்க்கிறது.

பிளேக்னி முனை என்பது கடலுக்குள் சுமார் 6 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் கூழாங்கல் நீட்சி. அதன் முதுகுக்குப் பின்னால் அலை அடங்கிய நீரில் சேறு படிந்து, சேற்றில் செடி முளைத்து, உவர் சதுப்பு உண்டாகிவிட்டது. 1912லேயே இந்த முனை தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) கைக்கு வந்தது. லண்டனிலிருந்து தாவரவியல் மாணவர்களை இங்கே கூட்டிவந்து ஆராய்ந்த பேராசிரியர் பிரான்சிஸ் ஆலிவருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய சாம்பல்நிறக் கடல்நாய்க் கூட்டங்களில் ஒன்று இங்கேதான் குட்டி போடுகிறது. 1988இல் முதல் குட்டி பிறந்ததாகப் பதிவு. இப்போது ஒரு குளிர்காலத்துக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். படகு நெருங்கினால் அவை நம்மைப் பார்க்கிற பார்வையில், வேடிக்கை பார்ப்பது யார் என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

பக்கத்தில் க்ளே சதுப்பு. 1926இல் இந்தச் சதுப்பு ஏலத்துக்கு வந்தபோது, சிட்னி லாங் என்ற நாரிச் மருத்துவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஐயாயிரம் பவுண்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கி, பறவைகளுக்கென்றே ஒதுக்கிவைத்தார். ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனக்கென்று வனவுயிர் அறக்கட்டளை வைத்துக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனில் அங்கே தொடங்கியதுதான்.

இந்தச் சதுப்பில் எனக்கு ஒரு சொந்தக்காரச் செடி அகப்பட்டது. ஆடி மாத வாக்கில் பிளேக்னி வீட்டு வாசல்களில் சின்ன மேசை போட்டு, பச்சைக் குச்சி குச்சியாக ஒன்றைக் கட்டுக் கட்டி விற்பார்கள். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. விற்பவர் யாரும் இருக்கமாட்டார். ஒரு குச்சியை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு. நம்முடைய தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பக்கத்தில் முளைத்துக் கிடக்கும் உமரியின் சாதிதான். இங்கே இதைச் சாம்ஃபயர் என்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போடாமல் வேகவைத்து, வெண்ணெயைத் தடவி, தண்டைப் பல்லில் கடித்து இழுத்தால் சதை நாக்கில் நின்று நார் கையோடு வந்துவிடும். சேறு முழங்கால் வரை வரும் இடத்தில் குனிந்து பறித்ததை அஞ்சு நிமிஷத்தில் தின்று தீர்த்துவிடலாம்.

கடல் கட்டிக்கொடுத்ததில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. பிளேக்னி, க்ளே, விவ்டன் மூன்றும் இடைக்காலத்தில் கம்பளியும் தானியமும் மீனும் ஏற்றி இறக்கிய துறைமுகங்கள். அந்தக் காசில் எழுந்த பெரிய தேவாலயங்கள் இன்னும் நிற்கின்றன. பிளேக்னி தேவாலயத்துக்குக் கோபுரம் இரண்டு. சின்னது, கப்பல்களுக்கு வழிகாட்ட விளக்கேற்றியது என்று ஊரார் சொல்கிறார்கள். நிலச்சுவான்தார்கள் சதுப்பை வளைத்துக் கரை போட்டார்கள். வாய்க்கால் தூர்ந்தது. கப்பல் வருவது நின்றது. இன்று க்ளே கிராமத்திலிருந்து கடலைத் தொட சதுப்பைக் கடந்து நடக்க வேண்டும்.

நண்டும் நண்டுப் படகும்

குரோமர் என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கு நண்டு. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கடியில் 30 கிலோமீட்டருக்கும் மேல் சுண்ணப்பாறைத் திட்டு ஓடுகிறது. அதன் வளைவுகளும் பொந்துகளும்தான் நண்டுகளின் வீடு. 2016இல் அந்தப் பாறைத் திட்டு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. கூண்டும் கயிறும் பாறையைத் தேய்க்கின்றனவா, எவ்வளவு என்பதில் மீனவர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது. பிடிக்கிற நண்டின் ஓடு குறைந்தது 115 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் திரும்பக் கடலுக்கே. பிரிட்டனின் மற்ற கரைகளில் இந்த அளவு இன்னும் கூடுதல். குரோமர் நண்டு உருவத்தில் சிறியது என்பதால் இங்கே மட்டும் சலுகை.

துறைமுகம் கிடையாது. படகுகளை டிராக்டரில் கட்டிக் கடற்கரை மணலிலிருந்தே தள்ளுகிறார்கள். வந்த நண்டை அன்றைக்கே வேகவைத்துவிடுவார்கள். கடை ஒன்றில் ஓர் அம்மாள் நண்டு உடைப்பதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கொடுக்கும் காலும் ஒரே திருகில் கழன்றன. இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து ஓட்டிலிருந்து உடலைப் பிரித்தார். செவுள் இதழ்களைக் கிள்ளித் தூர எறிந்தார். ஓட்டுக்குள்ளிருந்த பழுப்புச் சதையை வழித்து இரு ஓரமாகவும், கொடுக்கிலிருந்து தட்டி எடுத்த வெள்ளைச் சதையை நடுவிலுமாக அதே ஓட்டில் நிரப்பினார். என்னிடம் பேசிக்கொண்டே செய்தார். கை மட்டும் கண்ணைக் கேட்கவில்லை. மேலே எலுமிச்சை ஒரு துண்டு, அவ்வளவுதான். மிளகாய்த்தூள் இல்லையே என்று முதல் வாயில் தோன்றியது. மூன்றாம் வாயில் தோன்றவில்லை.

குரோமரின் இன்னொரு அடையாளம், கடலுக்குள் சுமார் 150 மீட்டர் நீளும் பாலம். 1901இல் திறந்தது. அதன் நுனியில் ஒரு நாடகக் கொட்டகை. அதற்கும் அப்பால் உயிர்காப்புப் படகு நிலையம். 1993 நவம்பரில் ஒரு புயலிரவில் நங்கூரம் அறுத்துக்கொண்ட பெரிய மிதவை ஒன்று பாலத்தைப் பிளந்துகொண்டு போயிற்று. கொட்டகையும் படகு நிலையமும் கடலுக்குள் தனித்தீவாக நின்றன. மறுபடி கட்டினார்கள். கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் அங்கே ஆட்டம் பாட்டம் இப்போதும் நடக்கிறது.

நீந்தத் தெரியாத தண்டல்

அந்தப் படகு நிலையத்தின் தண்டலாக, அதாவது படகுத் தலைவராக, 1909 முதல் 1947 வரை இருந்தவர் ஹென்றி பிளாக். கோடையில் நண்டு பிடிப்பார். கடற்கரையில் குடும்பங்களுக்குச் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுவார். புயல் வந்தால் படகை இறக்குவார். ஐம்பத்து மூன்று ஆண்டுச் சேவையில் 387 முறை படகு இறக்கி 873 உயிர்களைக் கரைசேர்த்தார். உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் தங்கப் பதக்கம் மூன்றும் வெள்ளிப் பதக்கம் நான்கும் பெற்றவர். அவருக்கு நீந்தத் தெரியாது.

1917 ஜனவரியில் நடந்தது ஒன்று. இளவட்டங்கள் எல்லாம் உலகப்போருக்குப் போய்விட்டார்கள். படகிலிருந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். துடுப்புப் படகு, எஞ்சின் கிடையாது. கிரேக்கக் கப்பல் ஒன்றிலிருந்து 16 பேரை மீட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஈரம் காயவில்லை, ஃபெர்னபோ என்ற சுவீடன் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி இரண்டாகப் பிளந்துவிட்டது. மறுபடி படகைத் தள்ளினார்கள். அலை திருப்பி எறிந்தது. துடுப்புகள் முறிந்தன. மாற்றுத் துடுப்பு எடுத்துக்கொண்டு இருட்டில் திரும்பவும் போனார்கள். அந்தப் பாதிக் கப்பலிலிருந்து 11 பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இங்கே கடல் இவ்வளவு ஆபத்தாக இருப்பதற்குக் காரணம் கரைக்கு அப்பால் நீருக்கடியில் கிடக்கும் ஹேஸ்ப்ரா மணல் திட்டு. 1801இல் 'இன்வின்சிபிள்' என்ற போர்க்கப்பல் அதை ஒட்டிய மணல்மேட்டில் தட்டி 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரை ஒதுங்கிய 119 உடல்கள் ஹேஸ்ப்ரா கிராமத் தேவாலயத்துப் புதைமேட்டில் ஒன்றாகக் கிடக்கின்றன. 'வெல்லமுடியாதது' என்று பேர் வைத்த கப்பலை ஒரு மணல்மேடு வென்றது.

வெளியூர்க்காரர்கள்

1877இல் குரோமருக்கு ரயில் வந்தது. 1883இல் கிளமென்ட் ஸ்காட் என்ற லண்டன் நாடக விமர்சகர் வந்து ஓங்கலோரப் பாதையில் நடந்தார். சைட்ஸ்ட்ராண்டில் ஒரு மாவு ஆலைக்காரர் வீட்டில் தங்கினார். கசகசாப் பூ சிவந்து கிடந்த வயல்களையும், ஓங்கல் விளிம்பில் தனியே நின்ற பழைய தேவாலயக் கோபுரத்தையும் பற்றி 'பாப்பிலேண்ட்' என்ற பெயரில் பத்திரிகையில் எழுதினார். அவ்வளவுதான், லண்டன் பணக்காரர்கள் வண்டி கட்டிவிட்டார்கள். ஓட்டல்கள் எழுந்தன. ஓவர்ஸ்ட்ராண்ட் கிராமத்துக்குக் கோடீசுவரர் கிராமம் என்றே பெயர். புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அதற்கெல்லாம் முன்னால் 1890களின் கடைசியில், இந்தக் கிராமத்தில் இரண்டு மாளிகைகளும் ஒரு மெதடிஸ்ட் ஆலயமும் கட்டியிருக்கிறார். குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்த்தவர்கள் அந்தச் சின்ன ஆலயத்தையும் பார்க்க வேண்டும். ஒரே மனிதர் கட்டியதா என்று இருக்கும். ஸ்காட் எழுதிய கோபுரம் 1916இல் ஓங்கலோடு சரிந்து கடலில் விழுந்தது.

1933 செப்டம்பரில் வந்த வெளியூர்க்காரர் வேறு ரகம். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஐன்ஸ்டீனுக்கு உயிர்பயம் இருந்தது. குரோமருக்குத் தெற்கே ரஃப்டன் பொட்டலில் ஒரு மரக்குடிலில் அவரைத் தங்கவைத்து, துப்பாக்கியோடு காவல் போட்டார் ஓர் ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர். அங்கேயே சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் வந்து அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்தார். அக்டோபரில் ஐன்ஸ்டீன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்.

இன்றைய வெளியூர்க்காரர்கள் கோடை வீடு வாங்குகிறவர்களும், ஓய்வு பெற்று வந்து குடியேறுகிறவர்களும். 2021 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 33.5 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைவிட முதிய மாவட்டம் இல்லை. வெல்ஸ், பிளேக்னி போன்ற ஊர்களில் குளிர்காலச் சாயங்காலம் நடந்தால் வரிசையாக இருட்டு வீடுகள். சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர், சிவப்பு ஓடு, வாசலில் சாவிப்பெட்டி. மீன்பிடிக்கிறவன் பிள்ளைக்கு அந்தத் தெருவில் வீடு கட்டுப்படியாகாது. 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீட்டுக்காரர்களிடம் மாவட்டம் இரட்டை வரி வாங்குகிறது.

ஹேஸ்ப்ரா

இப்போது வழக்குக்கு வருவோம். ஹேஸ்ப்ரா கிராமத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. 1790இல் கட்டியது. அப்போது ஒரு ஜோடி. கடலுக்குப் பக்கத்தில் இருந்ததை, கரை கரைந்து வந்ததால் 1883இல் அணைத்து இடித்தார்கள். மிச்சமிருந்ததையும் 1988இல் தேவையில்லை என்று மூடப் பார்த்தபோது ஊரார் விடவில்லை. 1990இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்து, ஊர் அறக்கட்டளை அதை எடுத்துக்கொண்டது. இன்றும் நன்கொடையில்தான் விளக்கு எரிகிறது.

2013 மே மாதம், அலை மணலை வழித்துப் போட்ட ஒரு நாளில், இந்த ஊர்க் கரையில் பழைய சேற்றுப் படிவம் ஒன்று வெளிப்பட்டது. அதில் குழி குழியாகத் தடங்கள். அளந்து, படமெடுத்து, ஆராய்ந்து 2014இல் அறிவித்தார்கள்: மனிதக் காலடிகள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஐந்து பேராவது நடந்திருக்கிறார்கள். வயது எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்ததில் அதுவே பழையது. அன்றைக்கு பிரிட்டன் தீவே அல்ல. ஐரோப்பாவோடு ஒட்டிய நிலம். தேம்ஸ் நதி லண்டன் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வந்து கடலில் கலந்தது. அதன் முகத்துவாரச் சேற்றில் நடந்த தடங்கள் அவை. கண்ணுக்குத் தெரிந்த சில வாரங்களுக்குள் அலை எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

ஊருக்கும் அதே அலைதான். 1600க்கும் 1850க்கும் இடையில் இங்கே 250 மீட்டருக்கு மேல் நிலம் போயிருக்கிறது. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி வந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொன்றது. பக்கத்துக் கிராமமான சீ பாலிங்கில் மட்டும் 7 பேர். அதற்குப் பிறகுதான் 1950களின் கடைசியில் ஹேஸ்ப்ராவுக்கு மரத்தடுப்பும், நம்மூரில் தூண்டில் வளைவு என்போமே, அந்த மாதிரித் தடுப்புகளும் கிடைத்தன. 1990களில் அவை உளுத்துப் பிய்ந்துபோனபோது பழுதுபார்க்கப் பணம் தரவில்லை. காக்கிற சொத்தின் மதிப்பு காக்கிற செலவுக்கு ஈடாகாது என்றது கணக்கு. அந்த நாளிலிருந்து கடல் வேகமெடுத்தது.

பீச் ரோடு என்ற தெருவில் நானும் மகளும் நடந்தோம். தார்ச்சாலை, ஓரக்கல், வெள்ளைக் கோடு எல்லாம் ஒழுங்காக வந்து, திடீரென்று ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சாலையே காற்றில் முடிந்திருந்தது. தார் அடுக்கு, சரளை அடுக்கு, கீழே மஞ்சள் மண் என்று வெட்டின பக்கம் அப்படியே தெரிந்தது. மண்ணிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் அரை முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"கிட்டப் போகாதீங்கம்மா, அடியில ஒண்ணும் இருக்காது" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

நாயோடு வந்த ஒரு முதியவர் நின்றார். தன் வீடு பின்தெருவில் இருப்பதாகச் சொன்னார். "நான் இங்கே வந்தபோது என் வீட்டிலிருந்து கடல் தெரியாது. இப்போது கடல் தெரியும் வீடு. ஆனால் விலைதான் ஏறவில்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் புகாரும் இருந்தது, பழகிப்போன தைரியமும் இருந்தது. இந்த மாவட்டத்துக் குணமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. குரல் உயர்த்தமாட்டார்கள். மனு எழுதுவதையும் விடமாட்டார்கள்.

மனுவுக்கு ஒரு தடவை பலன் கிடைத்தது. 2009க்கும் 2012க்கும் இடையில் அரசு சோதனைத் திட்டமாக மாவட்டத்துக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. பீச் ரோட்டில் விளிம்புக்கு வந்துவிட்ட ஒன்பது வீடுகளை, அபாயம் இல்லாதிருந்தால் பெறும் விலையில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கி இடித்தார்கள். உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்ட அனுமதியும் கிடைத்தது. திட்டம் முடிந்தது, பணமும் முடிந்தது.

ஹேஸ்ப்ராவுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பேக்டன். வட கடலிலிருந்து வரும் இயற்கை எரிவாயுக் குழாய்களில் பல அங்கே கரையேறுகின்றன. அந்த நிலையமும் ஓங்கல் விளிம்பில்தான் இருக்கிறது. 2019 கோடையில் அங்கே 18 லட்சம் கனமீட்டர் மணலைக் கடலடியிலிருந்து உறிஞ்சிவந்து கரையில் கொட்டினார்கள். செலவு சுமார் 2 கோடி பவுண்டு. நெதர்லாந்துக்காரர்களிடம் கற்ற முறை. சுவர் கட்டாமல், கடல் தின்னட்டும் என்று மணலையே படையலாகப் போட்டுவிடுவது. பதினைந்து இருபது வருடத்துக்குத் தாங்கும் என்பது மதிப்பீடு. எரிவாயு நிலையத்தைச் சாக்கிட்டு பேக்டன், வால்கட் கிராமங்களும் பிழைத்தன. எரிவாயுக் குழாய் இல்லாத கிராமத்துக்கு அந்த மணல் கிடைக்காது.

நியாயம் எது?

கரை முழுவதையும் சுவர் எழுப்பிக் காக்க முடியாது, காக்கவும் கூடாது. ஓங்கல் அரிந்தால்தான் மணல் கிடைக்கும். மணல் கிடைத்தால்தான் அடுத்த ஊருக்குக் கடற்கரை. இங்கே ஒரு சுவர் எழுப்பினால் அங்கே ஒரு ஊர் பட்டினி கிடக்கும். இதை வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒரு ஊரைக் கடலுக்கு விட்டுக்கொடுப்பதால் மற்ற ஊர்களுக்கு நன்மை என்றால், அந்த ஊருக்கு நஷ்டஈடு கொடுப்பதுதானே நியாயம்? இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ரயில் பாதைக்கு வீட்டை எடுத்தால் விலை உண்டு. கடல் எடுத்தால் கிடையாது. இடிக்கும் செலவுக்கென்று வீட்டுக்கு 6,000 பவுண்டு வரை மானியம் உண்டு, அவ்வளவுதான். இப்போது 'கோஸ்ட்வைஸ்' என்ற பெயரில் 2027 வரை இன்னொரு திட்டம் நடக்கிறது. வீடுகளையும் சாலைகளையும் விழுவதற்கு முன்பே உள்ளே தள்ளி அமைப்பது எப்படி என்று ஊராரோடு உட்கார்ந்து யோசிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, அலைக்குக் கிடையாது. சட்டமாக ஆகிறவரை இதெல்லாம் கருணைதான், உரிமை ஆகாது.

வரைபடத்தில் கோடு போடும் துணிவு வடக்கு நார்ஃபோக்குக்கு இருக்கிறது. எதைக் காப்போம், எதை விடுவோம் என்று ஜனங்களிடம் முகத்துக்கு நேரே சொல்லும் நேர்மை கடலோர நாடுகள் பலவற்றுக்கு இன்னும் வரவில்லை. கோட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு ஒரு வீடு கொடுக்கும் நேர்மையும் கூட வந்தால்தான் அந்தத் துணிவுக்கு மரியாதை.